மிதிக்கிறவனுக்கு எவ்வளவு?

தானாக வாசிக்கும் வாத்தியங்களின் வரலாற்றை ஒரு வாத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. சாதா வாத்து இல்லை, பேலுகிற வாத்து.

1739இல் பாரிசில் ஜாக் தெ வோக்கான்சோன் என்பவர் செம்பில் ஒரு வாத்து செய்து, டிக்கெட் போட்டுக் காட்டினார். தலையை நீட்டித் தானியம் கொத்தும், தண்ணீர் குடிக்கும், சிறகடிக்கும், சற்று நேரத்தில் பின்பக்கமாகக் காரியத்தையும் முடித்துவிடும். ஐரோப்பிய மேதைகள் அந்தக் கடைசிக் காரியத்தைத்தான் குனிந்து குனிந்து பார்த்தார்கள். செரிமானத்தையே இயந்திரமாக்கிவிட்டான் மனிதன் என்று புல்லரித்துப் போனார்கள். நூறு வருஷம் கழித்து ராபேர் ஊதேன் என்ற வித்தைக்காரர் அதைத் திறந்து பார்த்ததாகச் சொன்ன சமாச்சாரம் வேறு. தின்றது ஓர் அறையில் அப்படியே கிடந்ததாம். வெளியே வந்தது, இன்னோர் அறையில் முன்கூட்டியே பச்சைச் சாயம் கலந்து வைத்திருந்த ரொட்டித் தூளாம். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் சம்பந்தமே இல்லாத இந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தில் உலகெங்கும் அரசு அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன.

ஆனால் வாத்துக்கு முந்தைய வருஷம் இதே ஆசாமி காட்டியது ஏமாற்று வேலை இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை மனிதன். கையில் புல்லாங்குழல். ஒன்பது துருத்திகள் காற்றைத் தள்ள, உதடு குவிய, நாக்கு அசைய, தோல் போர்த்திய விரல்கள் துளைகளை மூடித் திறக்க, பன்னிரண்டு பாட்டு வாசித்தான். நிஜமாகவே ஊதினான். அடியில் முள் பதித்த உருளை ஒன்று சுழலும். எடைக்கல் மெல்ல இறங்க இறங்க உருளை சுழலும். எந்த முள் எந்த நெம்புகோலைத் தட்டுகிறதோ அந்த விரல் எழும்.

எழுமலையில் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். ஸ்பெஷல் நாடகத்தில் பெட்டி வாசித்தவர். ஆர்மோனியத்தை எங்கள் பக்கம் பெட்டி என்றுதான் சொல்வோம். உசிலம்பட்டி, பேரையூர், சாப்டூர் என்று திருவிழா நடக்கிற ஊரெல்லாம் வள்ளி திருமணத்துக்கும் அரிச்சந்திராவுக்கும் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடிகாலையில்தான் எழுந்திருப்பார். வோக்கான்சோன் கதையை ரசித்துச் சொல்லி முடித்து, அவர் வியப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“எடக்கல்லு கீழ வந்து நின்னுருச்சுன்னா?”

“மறுபடி மேல தூக்கி விடணும் சித்தப்பா.”

“தூக்கி விட்டவன் பேரு என்ன?”

வரலாற்றில் அந்தப் பெயர் இல்லை. “பெறகு என்னடா தானா வாசிக்கிறது?” என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலையை மடக்கிப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு இந்த வரலாறு பூராவையும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, இதெல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்பார்கள். இருந்தது, ஏட்டில். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவி விசயைக்காக மயில் வடிவத்தில் பறக்கும் பொறி செய்யச் சொல்கிறான். பகைவன் அரண்மனையைச் சூழ்ந்ததும் ராணி அதில் ஏறிப் பறக்கிறாள். ஆனால் திருத்தக்கதேவர் நேர்மையான ஆள். பொறியை ஓட்டுகிற வேலையை ராணியின் கையில்தான் கொடுக்கிறார். எதிரியின் வெற்றி முரசைக் கேட்டு அவள் மயங்கி விழ, மயில் போய்ச் சுடுகாட்டில் இறங்குகிறது. 

மறுபடி பிரான்சு. அங்கே லியோன் நகரம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். 1725இல் பசீல் பூஷோன் என்பவர் அங்கே ஒரு யோசனை செய்தார். அவருடைய அப்பா ஆர்கன் செய்கிறவர். ஆர்கன் உருளையில் முள் அடிப்பதற்கு முன்னால், எந்த முள் எங்கே வரவேண்டும் என்று ஒரு காகிதத்தில் புள்ளி குத்தி உருளையைச் சுற்றி ஒட்டுவார்கள். மகன் பார்த்தார். காகிதத்திலேயே பாட்டு இருக்கிறதே, உருளை எதற்கு? அந்தக் காகிதத்தை எடுத்துப்போய்த் தறியில் மாட்டினார். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். அதற்கேற்ப நூல் எழும். 1728இல் ஃபால்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதில் அட்டை வைத்தார். பிறகு நம்முடைய வாத்துக்காரர் வந்தார். அவரை அரசாங்கம் பட்டுத் தொழிலுக்கு இன்ஸ்பெக்டராகப் போட்டிருந்தது. பேலுகிற வாத்து செய்தவனுக்குப் பட்டு இலாகா. மந்திரிசபை அமைப்பில் உலகம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். அவர் போட்ட விதிகள் பிடிக்காமல் 1744இல் லியோன் நெசவாளர்கள் கலகம் செய்ய, துறவி வேஷம் போட்டுக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார். மறுவருஷமே வஞ்சம் தீர்க்கிற மாதிரி ஒரு தானியங்கித் தறி செய்தார். அது பாரிசில் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதைத் தூசி தட்டியவர்தான் ஜக்கார்டு. 1804இல் ஜக்கார்டுத் தறி பிறந்தது.

அந்தப் பெயர் நமக்கு அந்நியம் இல்லை. காஞ்சிபுரத்தில் தறி மேல் மாலையாகத் தொங்குகிற ஓட்டை போட்ட அட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முந்தானையில் அன்னமும் மயிலும் ஓடுவது அந்த ஓட்டைகளால்தான். ஆக, கல்யாணப் புடவைக்குள் ஓர் ஆர்கன் வாத்தியம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வாசிக்காதவரைக்கும் நல்லது. ஜக்கார்டு வருவதற்கு முன்னால் லியோன் தறிகளில் பக்கத்திலேயே ஒரு பையன் நின்று நாள் முழுக்கக் கயிறு இழுப்பான். எந்தக் கயிற்றை இழுக்கிறானோ அந்தப் பூ விழும். அட்டை வந்தது, பையனுக்கு வேலை போயிற்று. அவன் பெயரும் எங்கேயும் இல்லை. சித்தப்பாவிடம் இதையும் சொன்னேன். “பாத்தியா” என்றார்.

ஜக்கார்டு அட்டையைப் பார்த்து மெய்மறந்தவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த சார்லஸ் பாபேஜ். கணினியின் தாத்தா என்று பாடப்புத்தகத்தில் படம் போடுவார்களே, அவர்தான். தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை மூலமே கட்டளை கொடுக்கலாம் என்று திட்டம் போட்டார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று வந்திருந்தது. நெய்ய 24,000 அட்டை. அதை வாங்கி வீட்டு ஹாலில் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம் அச்சுப் படம் என்று நினைத்து ஏமாறுவதைப் பார்த்து ரசிப்பது அவருடைய பொழுதுபோக்கு.

இப்படி ஓட்டைக்கும் முள்ளுக்கும் உருளைக்கும் உயிரையே விட்ட மனிதருக்கு விதி வைத்த ஆப்பு என்னவென்றால், அதே முள்ளும் உருளையும் அவர் வீட்டு வாசலில் வந்து பாட ஆரம்பித்ததுதான். பீப்பாய் ஆர்கன். கழுத்தில் பெட்டி, தோளில் குரங்கு, கையில் கைப்பிடி. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் லண்டன் தெருக்களில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். காசு கொடுத்தால் பாடுவார்கள், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் நிறுத்துவார்கள், இரண்டாவதில்தான் வருமானம். பாபேஜ் காசு கொடுக்கிற ரகம் இல்லை. போலீசைக் கூப்பிட்டார், கோர்ட்டுக்கு இழுத்தார், தானே தெருவில் இறங்கித் துரத்தினார். தன் உழைப்பில் கால்வாசி இந்தச் சத்தத்தால் நாசமாயிற்று என்று எழுதி வைத்தார். அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்குமா? வேண்டுமென்றே ஆர்கன்காரர்களை வரவழைத்து அவர் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார்கள். ஒருவன் தினமும் அவர் தோட்டத்தைப் பார்த்துத் தகரக் குழல் ஊதினான். செத்த பூனையைக்கூட வாசலில் போட்டார்கள். 1864இல் தெரு இசையைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே வந்தது. சட்டத்தை முன்மொழிந்த மைக்கேல் பாஸ், பீர் ஆலை முதலாளி. நாடு முழுக்க ராத்திரி பாட்டுப் பாட வைக்கிற சரக்கைக் காய்ச்சிவிட்டு, பகலில் பாடுகிறவனைப் பிடிக்கச் சட்டம்.

அதே லண்டனில், பாபேஜ் வீட்டுக்குக் கிழக்கே, லெடன்ஹால் தெருவில் நம் ஊர்ச் சரக்கு ஒன்று இதைவிடப் பெரிய அட்டூழியம் செய்துகொண்டிருந்தது. திப்புவின் புலி.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் இறந்தார். கொள்ளையடிக்க அரண்மனைக்குள் நுழைந்த கம்பெனிக்காரர்கள் வாத்தியங்கள் வைத்திருந்த அறையில் அதைக் கண்டார்கள். மரத்தில் செய்து வண்ணம் தீட்டிய புலி. ஏறக்குறைய ஆறடி நீளம். அதன் காலடியில் மல்லாந்து கிடக்கிறான் ஒரு வெள்ளைக்காரன், தொப்பி கழலாமல். புலி அவன் கழுத்தில் பல்லைப் பதித்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினால் அவன் கை தூக்கித் தூக்கி விழும். நெஞ்சுக்குள் இருக்கும் துருத்தியிலிருந்து முனகல் வரும். புலியின் தலைக்குள்ளிருந்து உறுமல் வரும். இது போதாதென்று புலியின் விலாவில் ஒரு கதவு. திறந்தால் உள்ளே பதினெட்டுக் கட்டை உள்ள ஆர்கன். எதிரி சாகிற நேரத்தில் பின்னணி இசை வேண்டும் என்று யோசித்த அந்த மனசு, தமிழ் சினிமாவுக்கு நூற்றுச்சொச்சம் வருஷம் முன்கூட்டியே பிறந்துவிட்டது.

புலி வாயில் கிடப்பவன் யார் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1792 டிசம்பரில் வங்காளத்துச் சாகர் தீவில் வேட்டைக்குப் போன ஓர் இளைஞனைப் புலி அடித்துக் கொன்றது. அவன் சர் ஹெக்டர் மன்றோவின் மகன். இந்த ஹெக்டர் மன்றோவைத் தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1780இல் பொள்ளிலூரில் ஐதர் அலியின் படையும் திப்புவும் சேர்ந்து கம்பெனித் தளபதி பெய்லியின் படையைத் துவைத்துக் காயப்போட்ட அன்று, உதவிக்குப் போயிருக்க வேண்டியவர் இவர். தகவல் தெரிந்ததும் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் பெரிய பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓட்டம் பிடித்தார். காஞ்சியில் குளத்தில் முழுக்குப் போட்டால் பாவம் போகும் என்பார்கள். பீரங்கியை முழுக்கினால் போகும் என்று யார் சொன்னார்களோ. அப்பன் பட்ட அவமானம் ஒரு பக்கம், மகன் போன விதம் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துத் திப்பு ஒரு பொம்மையில் அடைத்துவிட்டார் என்பது கதை. புலி திப்புவின் சின்னம் என்பதால், மன்றோ மகன் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் கிடந்திருப்பான்.

கம்பெனிக்காரன் புத்தியைப் பாருங்கள். தன் ஆளைப் புலி கடிக்கிற பொம்மையைக் கப்பலேற்றிக் கொண்டுபோய், 1808இல் தன் தலைமை அலுவலகத்து நூலகத்திலேயே வைத்தான். நூலகத்தில்! பொதுமக்கள் வரலாம், பார்க்கலாம், கைப்பிடியைச் சுற்றலாம். சுற்றினார்கள். காலையிலிருந்து மாலை வரை சுற்றினார்கள். ஒரு பக்கம் சமஸ்கிருத ஓலைச்சுவடியைப் பூதக்கண்ணாடி வைத்து அறிஞன் படிக்கிறான். இந்தப் பக்கம் ஒரு கசாப்புக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து கைப்பிடியைச் சுற்ற, “ஊஊ” என்று வெள்ளைக்காரன் முனக, “உர்ர்” என்று புலி உறும, குழந்தை இன்னொரு தடவை என்று கேட்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முடியாத பழிவாங்கலைத் திப்பு லண்டனில் வருஷக்கணக்கில் தினசரி நடத்தினார். கடைசியில் ஒரு நாள் கைப்பிடி காணாமல் போயிற்று. நிம்மதி என்று ஒரு பத்திரிகை சந்தோஷப்பட்டு எழுதியது. கழற்றியவன் யாரோ, படிக்க வந்த ஒரு புண்ணியவானாகத்தான் இருக்க வேண்டும்.

ஹிட்லர் காலத்துக் குண்டுவீச்சில் கூரை இடிந்து புலியின் மேல் விழுந்து நூற்றுக்கணக்கான துண்டாயிற்று. ஒட்டவைத்தார்கள். இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது, யாரும் தொட முடியாது.

சித்தப்பாவுக்குப் பிடித்தது பதினெட்டுக் கட்டை விஷயம்தான். அந்தக் கட்டைகள் அமைந்திருக்கும் லட்சணத்துக்கு விரலால் வாசிப்பது கஷ்டம், கை முட்டியை மேலும் கீழும் தேய்த்துத்தான் ஒலி எழுப்பியிருப்பார்கள் என்று ஆர்கன் செய்கிற வில்லிஸ் என்பவர் சொல்லியிருக்கிறார்.

“முட்டியால தேச்சா அது வாசிப்பாடா? சரி போகட்டும். கைப்பிடி சுத்த ஒருத்தன். கட்டை தேய்க்க ஒருத்தன். அப்ப இது செட்டு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான பேசி விட்டிருப்பாக?”

சுல்தான் எவ்வளவு பேசிவிட்டார் என்று கணக்கு இல்லை.

லியோனில் தறிக்குப் போன ஓட்டைக் காகிதம் பாட்டுக்குத் திரும்பி வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1842இல் அதே லியோனைச் சேர்ந்த செய்த்ர் என்பவர் ஓட்டை அட்டையால் வாத்தியம் வாசிக்க வைக்கலாம் என்று காப்புரிமை வாங்கினார். அதே 1842இல் பாரிசில் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதே 1842இல் சென்னையில் மிஸ்குவித் கம்பெனி பியானோவும் ஆர்கனும் விற்கத் தொடங்கியது. அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் அதன் வாரிசு இன்றும் இருக்கிறது. சோதிடம் பார்க்கிறவர்கள் அந்த வருஷத்தின் கிரக நிலையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

செய்த்ர் விஷயம் ஓடவில்லை. ஓடியது 1895இல் அமெரிக்காவில் எட்வின் வோட்டி செய்த பியானோலா. முதலில் அது பியானோவே இல்லை. பியானோவுக்கு முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிற ஓர் அலமாரி. அதிலிருந்து வரிசையாக மர விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கம்பளித் துணி. கீழே இரண்டு மிதி. மிதித்தால் உள்ளே காற்று உறிஞ்சப்படும். ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஒரு துளைச் சட்டத்தின் மேல் நகரும். காகித ஓட்டையும் சட்டத்துத் துளையும் நேருக்கு நேர் வந்தால் காற்று பாயும், குட்டித் துருத்தி ஒன்று சுருங்கும், விரல் கட்டையை அமுக்கும். பிறகு இந்த அலமாரியையே பியானோ வயிற்றுக்குள் தள்ளிவிட்டார்கள். ஆளுக்கொரு அளவில் சுருள் விற்றதால் ஒரு வீட்டுச் சுருள் இன்னொரு வீட்டில் பாடாது. சார்ஜர் பின்னைப் பற்றி இன்று நாம் அடித்துக்கொள்வதை அவர்கள் அன்றைக்கே அடித்துக்கொண்டு, 1908இல் பஃபலோ நகரில் கூடிப் பேசி, 88 ஸ்வரம், பதினொன்றேகால் அங்குல அகலம் என்று முடிவு செய்தார்கள்.

அதுவரை நடுத்தர வீட்டுப் பெண்பிள்ளைகள் பத்து வருஷம் விரல் தேயப் பழகி, வந்த மாப்பிள்ளை முன்னால் ஒரு துண்டு வாசித்துக் காட்டுவது வழக்கம். நம் வீடுகளில் பெண் பார்க்க வந்தால் ஒரு கீர்த்தனை பாடச் சொல்வார்களே, அதே கொடுமை. இப்போது அப்பாக்காரர் கறிவிருந்து தின்றுவிட்டு வந்து உட்கார்ந்து, செரிமானத்துக்கு மிதித்தால் பீத்தோவன் வருகிறது. மிதிக்கிறவருக்குத் தான் வாசிக்கிறோம் என்ற எண்ணமும் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொள்வார், தலையை ஆட்டுவார். கம்பெனிக்காரன் அந்த வியாதிக்கும் மருந்து கண்டுபிடித்தான். சுருளின் மேல் ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து ஓடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலில் ஒரு முள். முள்ளைக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனால் மேதை வாசித்த அதே வேகத்தில் பாட்டு வரும். பால்வாடிப் பிள்ளைக்குப் புள்ளிக் கோலம் கொடுக்கிற வேலை. அதற்கும் பட்டுச் சட்டை போட்டு உட்கார்ந்து, முடித்ததும் எழுந்து வணங்கினார்கள்.

மிதி விஷயம் வந்ததும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவரிடமும் கால் பெட்டி இருந்தது.

“நானும் மிதிச்சேன்டா. மிதிச்சேன், வெரலும் ஆட்டுனேன், பின்பாட்டும் பாடுனேன், ராஜபார்ட்டு சுதி விட்டுட்டு ஓடுனா தொரத்திப் போயி பிடிச்சுக் கொண்டாந்தேன். அவுக மிதிச்சது மட்டும். அப்ப எனக்கு அவுகளப் போல நாலு மடங்கு வரணும்ல?”

“அவங்க காசு குடுத்து வாங்கித்தான் மிதிச்சாங்க சித்தப்பா.”

“காசு குடுத்து மிதிச்சானா!” அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மிதிக்கிறவனுக்குக் காசு இல்லை என்பது இருக்கட்டும், பாட்டுப் போட்டவனுக்கே இல்லை. தன் பாட்டைச் சுருளில் குத்தி விற்கிறார்களே என்று ஒரு பதிப்பகம் அப்பல்லோ கம்பெனி மேல் வழக்குப் போட்டது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சுருளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. வெறும் ஓட்டை. இதை எந்த மனுஷனாவது பாட்டாகப் படிக்க முடியுமா? முடியாது. அப்படியானால் இது பாட்டின் பிரதி இல்லை, இயந்திரத்தின் ஓர் உறுப்பு. கேஸ் தள்ளுபடி. திருடன் அண்டாவை எடுத்துக்கொண்டு ஓடினால் குற்றம், அண்டாவில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு ஓடினால் குற்றம் இல்லை. மறுவருஷம் நாடாளுமன்றம் புகுந்து, யார் வேண்டுமானாலும் சுருள் போட்டுக்கொள்ளலாம், சுருளுக்கு 2 சென்ட் மட்டும் பாட்டுக்காரனுக்குக் கொடு என்று சட்டம் போட்டது. 1978 வரை அதே 2 சென்ட். இன்று நம் ஊரில் சினிமாப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் நடக்கிற ரகளைக்கெல்லாம் குலதெய்வம் அந்தச் சுருள்தான்.

பேண்டு வாத்தியச் சக்கரவர்த்தி ஜான் பிலிப் சூசா சுருளை எதிர்த்த அணியின் தளபதி. இப்படியே இயந்திரங்கள் பாடிக்கொண்டிருந்தால், குரங்கிலிருந்து வரும்போது வால் உதிர்ந்த மாதிரி மனிதனுக்குக் குரல்நாணும் உதிர்ந்துவிடும் என்று நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னார். அவருடைய பேண்டு பேரில் அதற்கு முன்பும் பின்பும் இசைத்தட்டுகள் நன்றாக விற்றன. வால் உதிர்ந்தாலும் வருமானம் உதிரவில்லை.

1904இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து வெல்ட்டெ கம்பெனி அடுத்த கட்டத்துக்குப் போனது. பெரிய பெரிய வித்வான்களை அழைத்து வாசிக்கச் சொல்லி, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தத்தில் தொட்டார்கள் என்பதைச் சுருளில் பிடித்தது. மாலரும் தெபுஸியும் வந்து வாசித்தார்கள். மிதிக்க ஆள் வேண்டாம், மின்மோட்டார். இந்தச் சுருள்களில் இன்னொரு வசதி: தப்பான ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைக்கலாம், விட்டுப்போன இடத்தில் புதிதாகக் குத்தலாம். எந்த வித்வானும் சுருளில் தப்பு விடவில்லை. மேடையில் சொதப்பியவர்கள் சுருளில் அமரரானார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ஷ்வின் பதின்பருவத்திலேயே சுருளுக்கு வாசித்துச் சம்பாதித்தார், 1937இல் இறந்துபோனார். 1976இல் அவருடைய சுருளைப் பியானோவில் ஓடவிட்டு, சுற்றிலும் உயிரோடிருக்கும் ஒரு ஜாஸ் குழு வாசித்து இசைத்தட்டு போட்டார்கள். செத்து முப்பத்தொன்பது வருஷம் ஆனவர் தாளம் தப்பவில்லை. உயிரோடிருந்தவர்கள்தான் அவரைத் துரத்தினார்கள். நம்மவர்கள் அந்தப் பாடத்தை 2024இல் படித்தார்கள். லால் சலாம் படத்துக்காகப் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மறுபடி பாட வைத்தார் ஏ.ஆர்.ரகுமான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு திருப்தி. “அது முறை” என்றார்.

1920களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற பியானோக்களில் பாதிக்கு மேல் தானாக வாசிப்பவை. அப்புறம் ரேடியோ வந்தது. அதற்கு மிதியே வேண்டாம். 1929இல் பொருளாதாரம் விழுந்தபோது பியானோலாவும் கூடவே விழுந்தது. ஊர் மறந்துபோன அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மெக்சிகோ நகரத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கான்லன் நான்காரோ. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவை எதிர்த்துப் போனதற்காக அமெரிக்கா பாஸ்போர்ட் தர மறுக்க, 1940இல் எல்லை தாண்டிப் போனவர். இனி வித்வான்களைக் கெஞ்ச வேண்டாம் என்று முடிவு செய்து, கையால் ஒவ்வோர் ஓட்டையாகக் குத்தினார். ஐந்து நிமிஷப் பாட்டுக்கு மாதக்கணக்கில் குத்துவார். ஒரே நேரத்தில் நாலைந்து வேகத்தில் ஓடுகிற இசை; பத்து விரல் உள்ள பிறவி எதுவும் வாசிக்க முடியாது. போனில் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். சித்தப்பா கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார்.

“மனுசன் வாசிக்க முடியாதுங்கிற, சரி. மனுசன் கேக்க முடியுமான்னு யோசிச்சானா? ஆனா குத்திருக்கான்டா. நாலு மாசம் ஒக்காந்து குத்திருக்கான்.”

அவருடைய பெட்டிக்கும் ஒரு சோகக் கதை உண்டு. ஆர்மோனியத்துக்கு நம் சங்கீதத்தின் கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940இல் கதவைச் சாத்தி 1971 வரை திறக்கவில்லை. நாடக மேடைக்கு அந்த உத்தரவு எட்டவே இல்லை. காதர் பாட்சா பெட்டியில் கை வைத்தால் கூட்டம் நடிகரை மறந்துவிடும் என்று பேர் வாங்கிய சீமை இது. டில்லியில் தடை நடக்க, இங்கே ராத்திரிக்கு ராத்திரி சத்தியாகிரகம் மாதிரி அது மீறப்பட்டது.

எங்கள் பக்கத்துக்கு நிஜமான தானியங்கி வாத்தியம் வந்தது கோயில் வழியாகத்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கருவறைக்கு எதிரே ஓர் இரும்புச் சட்டம். நடுவில் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு தண்டு. தண்டில் மாட்டிய கைகள் ஒரு பக்கம் முரசை அடிக்கும், ஒரு பக்கம் மணியை ஆட்டும், நடுவில் ஜால்ரா தட்டும். வோக்கான்சோன் உருளையின் கடைசிக் கொள்ளுப்பேரன். தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டினால் ஊர் அதிரும். அதற்குத் தெரிந்தது ஒரே தாளம். அம்மன் உற்சவத்துக்கும் அதுதான், பிரதோஷத்துக்கும் அதுதான். கரண்ட் குறைவாக இருக்கும் நாளில் விளம்ப காலம், ஜெனரேட்டர் ஓடும் நாளில் துரித காலம். இது வந்ததும் பூசைக்கு வந்துகொண்டிருந்த மேளக்காரர் திருவிழாவுக்கு மட்டும் வருகிறவரானார். எந்த நேரத்தில் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மோட்டாருக்குத் தெரிந்ததெல்லாம் அடிக்க மட்டும்தான்.

சட்டத்தின் நெற்றியில் ஒரு பலகை. உபயம் என்று போட்டு, அதன் கீழே சிங்கப்பூரில் இருப்பவர், அவருடைய மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்தி, அனைவரின் பெயரும் ராசி நட்சத்திரத்தோடு. எழுமலைப் பக்கம் ஒரு கோயிலில் சித்தப்பா இந்தப் பலகையை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். பூசாரியின் பேரன் ஒருவன், ஆறாம் வகுப்புப் படிப்பவன், ஓடிவந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, தீபாராதனை முடியும்வரை கையைச் சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பெல்ட் நழுவினால் உடனே அமர்த்த வேண்டுமாம். ஏற்கெனவே ஒரு தடவை ஜால்ரா பறந்து போய் உண்டியலில் மோதியிருக்கிறது.

விபூதி வாங்கிக்கொண்டு சித்தப்பா கமிட்டித் தலைவரிடம் போனார்.

“ஏப்பா, அம்புட்டுப் பேரு எழுதியிருக்கீக. தெனமும் சுவிட்சு போடுறானே அந்தப் பய, அவன் பேரையும் ஓரமா எழுதுனா என்ன?”

“போர்டுல எடமில்ல மாமா” என்றார் தலைவர். “அதோட, அவன் இன்னும் எத்தன நாளைக்கு? டைமர் ஒண்ணு மாட்டப் போறோம். நேரத்த வச்சு விட்டுட்டா காலையும் சாயங்காலமும் தானா அடிச்சுக்கிரும்.”

“நேரத்த யாரு வச்சு விடுவா?”

“அதுக்கு இந்தப் பய இருக்கான்ல” என்றார் தலைவர்.

டைமர் இன்னும் வந்து சேரவில்லை. உபயதாரர் மட்டும் கிடைத்துவிட்டார், குடும்பத்தோடு ஏழு பேர். பலகையில் அவர்களுக்கு இடமும் கிடைத்துவிட்டது.